சத்யஜித் ரே டிஸ்க்குகள்: பெங்களூரில் இருந்து சேர்ப்பவர்களுக்கு எந்தப் பதிப்பு, எந்த பிளேயர்?

#1 அல்சூர்_ஏரி

ரே படங்களை ஒழுங்கா டிஸ்க்கில் சேர்க்கலாம்னு இருக்கேன். வீட்டில் இருப்பது: 55 இஞ்ச் 4கே டிவி, இங்கே கடையில் வாங்கிய சாதாரண ப்ளூ-ரே பிளேயர், ஒரு ஸ்டீரியோ ஆம்ப். அமெரிக்க டிஸ்க் கம்பெனி க்ரைட்டீரியன் போட்ட அபு முத்தொகுப்பு வாங்கினால் இதில் ஓடுமா? மற்ற படங்களுக்கு எது நல்ல பதிப்பு? பழைய இந்திய டிவிடி பத்துப் பன்னிரண்டு கைவசம் இருக்கு, அதைத் தூக்கிப் போட்டுடலாமா?

#2 ரீல்_நம்பர்_ஏழு

ஓடாது. டிஸ்க்குக்கு முன்னாடி பிளேயரை முடிவு பண்ணுங்க.

ப்ளூ-ரேயில் மூன்று ரீஜன், அதாவது எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்ற பூட்டு. 'ஏ' அமெரிக்கா, ஜப்பான், கொரியா, தென்கிழக்கு ஆசியா. 'பி' ஐரோப்பா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா. 'சி' இந்தியா, சீனா, ரஷ்யா. க்ரைட்டீரியனின் அமெரிக்க ப்ளூ-ரே எல்லாம் 'ஏ' பூட்டு. இங்கே விற்கும் பிளேயர் 'சி'. தட்டில் வைத்தால் திரையில் ரீஜன் எச்சரிக்கை வரும், அவ்வளவுதான். டிவிடிக்குக் கணக்கு வேறு: அமெரிக்கா 1, பிரிட்டன் 2, இந்தியா 5.

இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ரிமோட்டில் எண்களைத் தட்டி 'ரீஜன் ஃப்ரீ' ஆக்கும் வித்தை இணையத்தில் நிறையக் கிடைக்கும். அதில் பெரும்பாலானவை டிவிடி பூட்டை மட்டும் திறக்கும். ப்ளூ-ரே பூட்டு திறக்க உள்ளே ஒரு சில்லு பதிக்கணும், அல்லது மாற்றிய ஃபர்ம்வேர் (பிளேயரின் உள் மென்பொருள்) ஏற்றணும். விற்பவரிடம் "ரீஜன் ஃப்ரீயா?" என்று கேட்காதீங்க. "ப்ளூ-ரே ஏ, பி, சி மூன்றும், டிவிடி 0 முதல் 6 வரையும் ஓடுமா? ஃபர்ம்வேர் அப்டேட் செய்தால் மாற்றம் அழியுமா?" என்று கேளுங்க. ஃபர்ம்வேர் வழியில் மாற்றியதாக இருந்தால் நெட்வொர்க் அப்டேட்டை உடனே அணைத்து வைக்கணும்.

#3 குப்பன்பார்க்_குரு

தல, இவ்வளவு சுத்துவது எதுக்கு? 4கே டிஸ்க்குக்கு ரீஜனே கிடையாது. அபு முத்தொகுப்பு 2024 ஜனவரியில் க்ரைட்டீரியன் 4கே-ல போட்டாச்சு. ஒரு 4கே பிளேயர் வாங்குங்க, கதை முடிஞ்சுது.

#4 ரீல்_நம்பர்_ஏழு

பாதிதான் முடிஞ்சுது குரு. 4கே டிஸ்க்குக்கு நடைமுறையில் ரீஜன் பூட்டு இல்லை, சரி. ஆனா அந்தப் பெட்டியில் மூன்று 4கே டிஸ்க்கும் கூடவே ப்ளூ-ரேக்களும் வருது. பேட்டிகள், ஆவணத் துண்டுகள் இருப்பது ப்ளூ-ரேயில். அது 'ஏ' பூட்டு. படம் மட்டும் போதும் என்பவருக்கு உங்க வழி சரி. மகாநகர், ஜல்சாகர் மாதிரி ப்ளூ-ரேயாக வந்த பதிப்பு வேணும்னா திரும்பவும் அதே சுவர்தான்.

இன்னொன்று, பிளேயர் செய்பவர்களே குறைஞ்சுட்டாங்க. ஒப்போ 2018-லயே நிறுத்திட்டாங்க, சாம்சங் 2019-ல. இருக்கும் நல்ல மாடலைத் தள்ளிப் போடாம வாங்குவது நல்லது.

#5 எஸ்பிரோடு_சால்டரிங்

வெளிநாட்டு பிளேயர் வரவழைப்பவர்கள் பின்பக்க ஸ்டிக்கரை முதலில் படிங்க. '100–240V, 50/60Hz' என்று இருந்தால் பிளக் மாற்றினால் போதும். '120V 60Hz' என்று மட்டும் இருந்தால் நேரடியாகச் செருகக் கூடாது. நம்ம 230 வோல்ட்டை ரெக்டிஃபை செய்தால் உச்சம் 325 வோல்ட் வரும். 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்த பவர் சப்ளையில் முதல் ஃபில்டர் கெப்பாசிட்டர் பெரும்பாலும் 200 வோல்ட் தாங்கும். மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை, புகை சொல்லும்.

தேவை ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர், இரும்புக் கோர் வைத்தது. பிளேயர் இழுப்பது 20–30 வாட்தான், 100 விஏ போதும். எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் 'கன்வர்ட்டர்' என்று தீப்பெட்டி அளவில் ஒன்று காட்டுவாங்க. அது ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டிக்கானது. அலையை வெட்டித் தருவதால் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச்சிங் பவர் சப்ளை) உள்ள கருவிக்கு ஆகாது. டிரான்ஸ்ஃபார்மரை ஆம்ப்புக்குப் பக்கத்தில் வைக்காதீங்க, ஹம் ஏறும். ரெண்டு அடி தள்ளி வையுங்க.

பிளேயரே வேண்டாம், கம்ப்யூட்டர் போதும் என்பவர்களுக்கு: ப்ளூ-ரே டிரைவில் டிவிடி ரீஜனை ஐந்து முறைதான் மாற்ற முடியும், ஐந்தாவதில் நிலைத்துவிடும். ப்ளூ-ரே ரீஜனைப் பார்ப்பது டிரைவ் இல்லை, மென்பொருள். விண்டோஸில் ப்ளூ-ரே தானாக ஓடாது, அதற்குத் தனி மென்பொருள் வேணும். உள்டிரைவை யூஎஸ்பி பெட்டியில் போட்டால் 12 வோல்ட் அடாப்டர் கட்டாயம். யூஎஸ்பி மின்சாரம் மட்டும் நம்பினால் இரண்டாவது லேயருக்குத் தாவும்போது டிரைவ் கழன்றுவிடும்.

#6 ரீல்_நம்பர்_ஏழு

இனி படங்களுக்கு வருவோம். ரே விஷயத்தில் கம்பெனி பெயரைப் பார்த்து வாங்குவது தப்பு. எந்த நெகட்டிவில் இருந்து எடுத்தாங்க என்று பார்க்கணும். ஒரே இயக்குநர்தான், ஆனா ஒவ்வொரு படத்தின் மூலப் பொருளும் ஒவ்வொரு நிலையில் இருக்கு.

அபு முத்தொகுப்பு (பதேர் பாஞ்சாலி 1955, அபராஜிதோ 1956, அபுர் சன்சார் 1959): 1993-ல் லண்டன் ஹெண்டர்சன் லேபில் பிடித்த தீயில் மூல நெகட்டிவ்கள் கருகின. ஆஸ்கர் அகாடமியின் காப்பகம் அந்தக் கருகிய சுருள்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது. இருபது வருஷம் கழித்து இத்தாலியில் போலோன்யாவின் லிம்மாஜினே ரித்ரோவாதா லேப் அவற்றை ரசாயனத்தில் ஊறவைத்து நெகிழ வைத்து, ஓரத் துளைகளைக் கையால் ஒட்டி ஸ்கேன் செய்தது. பதேர் பாஞ்சாலியில் சுமார் 40 சதவீதமும் அபராஜிதோவில் 60 சதவீதத்துக்கு மேலும் மூல நெகட்டிவில் இருந்தே வந்தவை. அபுர் சன்சாரின் நெகட்டிவ் தேறவில்லை, ஃபைன் கிரெய்ன் மாஸ்டர், டூப் நெகட்டிவ் என்ற நகல்களை வைத்துச் செய்தாங்க. அதனால் ஒரே படத்துக்குள் ஷாட்டுக்கு ஷாட் மணல் (ஃபிலிமில் தெரியும் பொடிப் புள்ளிகள்) மாறும். டிஸ்க் கெட்டுப் போச்சுன்னு திருப்பி அனுப்பாதீங்க. 2015 ப்ளூ-ரே பெட்டியும் 2024 4கே பெட்டியும் இதே மீட்டெடுப்பில் இருந்து வந்தவைதான். 2015-க்கு முன் வந்த எந்தப் பதிப்பும் இதன் பக்கத்தில் நிற்காது.

மகாநகர் (1963), சாருலதா (1964), நாயக் (1966): மூன்றும் ஆர்.டி. பன்சல் தயாரிப்பு. தயாரிப்பாளர் குடும்பமே மீட்டெடுக்க முன்வந்ததால் பொருள் நன்றாக இருக்கு. க்ரைட்டீரியன் முதல் இரண்டை 2013-லும் நாயக்கை 2018-லும் போட்டது. மகாநகர் டிஸ்க்கில் ரேயின் இன்னொரு படம் காபுருஷ் (1965) முழுசா உபரியாக இருக்கு. அதைத் தனியாகத் தேடிக் காசு போடாதீங்க. பிரிட்டனில் ஆர்ட்டிஃபிஷியல் ஐ போட்ட மகாநகர், சாருலதா ப்ளூ-ரே 'பி' பூட்டு.

ஜல்சாகர் (1958): க்ரைட்டீரியன், 2011. மூலப் பொருளே தேய்ந்து போனது, கீறல்கள் தெரியும். ஆனா ஷ்யாம் பெனகல் 1984-ல் எடுத்த முழுநீள ரே ஆவணப்படம் இதில் இருக்கு. அதுக்காகவே வாங்கலாம்.

தேவி (1960): 2021, 4கே மீட்டெடுப்பில் இருந்து ப்ளூ-ரே. கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்.

கரே பாய்ரே (1984), கணசத்ரு (1989), ஆகந்துக் (1991): க்ரைட்டீரியனின் எக்லிப்ஸ் வரிசையில் 'லேட் ரே' என்று 2014-ல் மூன்று டிவிடி. உபரி எதுவும் கிடையாது, டிவிடி மட்டும். மூன்றும் என்.எஃப்.டி.சி. (தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம்) பணத்தில் எடுத்தவை, இங்கே அவர்களது 'சினிமாஸ் ஆஃப் இந்தியா' வரிசையிலும் தேடிப் பாருங்க. ப்ளூ-ரே விலை கொடுக்கும் இடம் இது இல்லை.

#7 விசிடி_வேதாந்தம்

நண்பரே, எல்லாம் சரி. ஆனால் இந்திய டிவிடிகளைத் தூக்கி எறியச் சொல்லிவிடாதீர்கள். ரே எடுத்த கதைப்படங்களில் ஒரு பெரும் பகுதி இன்னமும் வெளிநாட்டில் நல்ல டிஸ்க்காக வரவே இல்லை. ரேயின் துப்பறியும் ஃபெலுதா படங்களும் சிறுவர்களுக்கான கூப்பி-பாகா படங்களும் வேண்டும் என்றால் கொல்கத்தாவில் அச்சான டிவிடிதான் பலருக்கும் கதி. எனவே பிரித்து வையுங்கள். மீட்டெடுத்த பதிப்பு கைக்கு வந்த படத்தின் பழைய டிவிடியைக் கொடுத்துவிடலாம், வராத படத்தின் டிவிடி இருக்கட்டும்.

பிரிக்கும்போது பார்க்க வேண்டியவை. முதலில் வடிவம். ரே படங்களில் பெரும்பாலானவை 1.37 விகிதம், ஏறத்தாழ சதுரம். பெட்டியில் 'வைட் ஸ்கிரீன்' என்று பெருமையாகப் போட்டிருந்தால் மேலும் கீழும் வெட்டிவிட்டார்கள் என்று பொருள். 16:9-க்கு வெட்டினால் சட்டகத்தின் உயரத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விடும். மகாநகரின் குறுகிய அறைகளில் தலைகள் எல்லாம் நெற்றியோடு நின்றுவிடும்.

அடுத்தது அசைவு. ஆள் அல்லது வண்டி குறுக்கே போகும் காட்சியில் நிறுத்தி, ஒவ்வொரு சட்டகமாக நகர்த்துங்கள். பதேர் பாஞ்சாலியில் நாணல் காட்டில் ரயில் வரும் இடம் இதற்குத் தோது. ஒரே சட்டகத்தில் இரண்டு பிம்பம் நிழல் போலக் கலந்து நின்றால், பால் (PAL, இந்திய, ஐரோப்பிய டிவி முறை) டேப்பை என்டிஎஸ்சி-க்கு (அமெரிக்க முறை) மாற்றி அச்சடித்த டிஸ்க் அது. எந்த பிளேயரும் அதைச் சரி செய்யாது. மூலையில் கம்பெனி சின்னம் இருந்தால் அதுவும் படத்தோடு எரித்ததுதான், அணைக்க முடியாத சப்டைட்டிலும் அப்படியே.

விசிடி? 352-க்கு 288 புள்ளி, நொடிக்கு 1,150 கிலோபிட். ஒரு படம் இரண்டு மூன்று தட்டு. அட்டைக்காக வைத்துக்கொள்ளலாம்.

#8 தம்புரா_கீதா

பால் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. பிரிட்டன் டிவிடிகளில் படம் நொடிக்கு 24 சட்டகத்துக்குப் பதில் 25-ல் ஓடும். 125 நிமிடப் பதேர் பாஞ்சாலி 120-ல் முடிஞ்சிடும். "அஞ்சு நிமிஷம் வெட்டிட்டாங்க"ன்னு விமர்சனம் எழுதறவங்க பல பேர். வெட்டல, வேகம்தான் நாலு சதவீதம் கூட.

பேச்சில் பெரிசா தெரியாது, இசையில் தெரியும். ஒரு கட்டையில் பாடினது ஒன்றரைக் கட்டைக்குப் போகிற வழியில் முக்கால் தூரம் போய் நிக்கும். ஜல்சாகரை அப்படிக் கேட்காதீங்க. விலாயத் கான் இசையமைத்து, பேகம் அக்தர் பாடின படம் அது. பால் டிவிடி அரை விலைன்னாலும் வேண்டாம்.

#9 குப்பன்பார்க்_குரு

அக்கா, அப்போ பிரிட்டன் ப்ளூ-ரேயும் இப்படித்தானா?

#10 தம்புரா_கீதா

இல்ல தம்பி. ப்ளூ-ரேயில் 24 சட்டகத்தை அப்படியே வைக்கலாம், படங்கள் பொதுவா அப்படித்தான் வருது. கூட வர்ற பழைய டிவி பேட்டிகள் மட்டும் 50 ஹெர்ட்ஸில் இருக்கலாம்.

#11 மெஜஸ்டிக்_பார்சல்

வரவழைப்பது பற்றி. சுங்கம் போடுவது டிஸ்க் விலைக்கு மட்டும் இல்லை, அனுப்பும் செலவையும் இன்ஷூரன்ஸையும் சேர்த்த தொகைக்கு. ஒவ்வொரு டிஸ்க்காக வரவழைத்தால் அனுப்பும் செலவுக்கும் வரி கட்டிக்கிட்டே இருப்பீங்க. நாலைந்து சேர்த்து எடுங்க. அமெரிக்காவில் பார்ன்ஸ் அண்ட் நோபிள் ஜூலையிலும் நவம்பரிலும் க்ரைட்டீரியனைப் பாதி விலைக்குத் தருவது வழக்கம். ஊருக்கு வருபவர் யாராவது இருந்தால் அந்த மாதம் பார்த்துச் சொல்லி வையுங்க.

பார்சல் ஃபார்வர்டர் (வெளிநாட்டு முகவரியில் வாங்கி இங்கே அனுப்புபவர்) வழி எடுத்தால் எடை, பருமன் இரண்டில் எது அதிகமோ அதுக்குத்தான் காசு. பருமனுக்கு, நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் கிலோ கணக்கு. 30 × 20 × 15 பெட்டி 1.8 கிலோ ஆகிடும், உள்ளே அரைக் கிலோ இருந்தாலும். ஃபார்வர்டரிடம் மறுபடி கட்டச் சொல்லுங்க. ஆனா ரொம்பச் சுருக்கச் சொன்னால் அட்டைப் பெட்டியின் மூலை நசுங்கும். சேர்ப்பவருக்கு மூலைதானே உயிர்.

கூரியர் என்றால் கேஒய்சி முன்கூட்டியே ஏற்றி வையுங்க, இல்லைன்னா பார்சல் குடோனில் தூங்கும். பில்லில் விலையைக் குறைத்துப் போடச் சொல்லவே வேண்டாம். பிடிபட்டால் அபராதம், வழியில் உடைஞ்சால் இழப்பீடும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான்.

செகண்ட் ஹேண்டில் போலி பார்க்க: தட்டின் அடிப்பக்கம் ஊதா சாயலாக இருந்தால் வீட்டில் எரித்த டிவிடி. எரித்த தட்டில், டிவிடியோ ப்ளூ-ரேயோ, வெளிச்சத்தில் சாய்த்தால் எழுதிய பகுதியும் எழுதாத பகுதியும் ஒரு வளையமாகப் பிரிந்து தெரியும். அச்சடித்ததில் நடு வளையத்தில் ஐஎஃப்பிஐ என்று தொடங்கும் குறியீடு இருக்கும். கையேடு இல்லாத க்ரைட்டீரியன் என்றால் விலையைக் குறைங்க, கட்டுரைகள் அதில்தான் இருக்கு.

#12 குப்பன்பார்க்_குரு

கீறல் விழுந்த தட்டை வாங்கி பாலிஷ் மெஷினில் போட்டால் விலை மிச்சம் ஆகுமே?

#13 எஸ்பிரோடு_சால்டரிங்

டிவிடிக்கு மட்டும். டிவிடியில் தகவல் லேயர் 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில், தட்டின் நடுவில் இருக்கு. மேலே கொஞ்சம் தேய்த்தாலும் தாங்கும். ப்ளூ-ரேயில் வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழம். அதுக்கு மேல் கடினப் பூச்சு. மெஷினில் போட்டால் அந்தப் பூச்சு போய், தட்டும் போச்சு. ப்ளூ-ரே கீறினால் கீறினதுதான்.

துடைப்பது மையத்தில் இருந்து விளிம்புக்கு நேர்கோட்டில், மைக்ரோஃபைபர் துணியால். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு ஓடும், பிழைதிருத்தம் எடுபடாது.

#14 ஜெயநகர்_நூலகம்

பாதுகாப்பு பற்றி யாரும் சொல்லவில்லை. பெங்களூரில் வெயில் கொல்லாது. ஜூன் முதல் அக்டோபர் வரையான ஈரம்தான் கொல்லும். முதலில் பூஞ்சை பிடிப்பது தட்டில் அல்ல, கையேட்டிலும் அட்டைப் பெட்டியிலும்.

1. அலமாரி வெளிச்சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. நான்கு விரல் இடைவெளி விடுங்கள். தட்டுகளை நிமிர்த்தி வையுங்கள், படுக்க அடுக்கினால் காலப்போக்கில் வளையும்.

2. அட்டைப் பெட்டிப் பதிப்புகளை மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில், 25 லிட்டருக்கு 100 கிராம் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கலாம். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானால் ஈரம் நிறைந்தது. 120 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகும்.

3. அந்துருண்டை கூடவே கூடாது. புடவைப் பெட்டிப் பழக்கத்தில் பலர் போடுகிறார்கள். நாஃப்தலின் ஆவி பாலிஸ்டைரீன் தட்டுத் தாங்கிகளைப் பிசுபிசுப்பாக்கும்.

4. தனி உறை வேண்டும் என்றால் பாலிப்ரொப்பிலீன். மலிவான பிவிசி உறை சில வருடங்களில் தட்டில் ஒட்டி எண்ணெய்ப் படலம் விடும்.

வருடத்துக்கு ஒருமுறை பழைய இரட்டை லேயர் டிவிடிகளை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். விளிம்பில் இருந்து பால் நிறக் கறை உள்ளே பரவினால் ஒட்டுப்பசை பிரிகிறது. அதற்கு மருந்தில்லை. படிக்க முடிகிற நாளிலேயே நகல் எடுத்துவிடுங்கள். நகல் சட்டப்படி சரியா என்று கேட்பவர்களுக்கு: 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 65ஏ, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைத்தான் குற்றமாக்குகிறது. நகலைப் பிறருக்குக் கொடுக்க ஆரம்பித்தால் விஷயம் வேறு.

#15 அல்சூர்_ஏரி

எல்லாருக்கும் நன்றி. 4கே பிளேயர், ரீஜன் மாற்றியது, 100–240 வோல்ட் ஸ்டிக்கர் பார்த்து வாங்கறேன். முதல்ல அபு, தேவி, மகாநகர். டிவி, ஆம்ப் செட்டிங் ஏதாவது மாத்தணுமா? அப்புறம் தீன் கன்யா ஒரு ஆன்லைன் விற்பனையில் இருக்கு, எடுக்கலாமா?

#16 தம்புரா_கீதா

பிளேயரில் 24 ஹெர்ட்ஸ் வெளியீட்டை 'ஆட்டோ'வில் வையுங்க. டிவியில் 'மோஷன்' என்று தொடங்கும் எதையும் அணைச்சிடுங்க, ஷார்ப்னஸையும் இறக்குங்க. அதிகம் வைச்சா மணலையே கோடு போட்டுக் காட்டும். பட அளவு 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஒரிஜினல்'. உங்க 55 இஞ்சில் ரெண்டு பக்கமும் சுமார் 14 சென்டிமீட்டர் கறுப்புப் பட்டை நிக்கும், அது சரியான அளவு. வீட்டுல யாராவது "திரை நிறையலையே"ன்னு ரிமோட்டை எடுப்பாங்க, கொடுக்காதீங்க.

ஒலி மோனோ. ஸ்டீரியோ ஆம்ப்னா ரெண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே ஒலி போகும், நடுவில் உட்காருங்க. சரவுண்ட் விளைவு எதுவும் போட வேண்டாம்.

#17 ரீல்_நம்பர்_ஏழு

தீன் கன்யா (1961) எடுக்கும் முன் ஓடும் நேரத்தைக் கேளுங்க. மூன்று கதை உள்ள படம் அது. வெளிநாட்டுக்கு அதில் மணிஹாரா என்ற கதையை எடுத்துட்டு 'டூ டாட்டர்ஸ்' என்று இரண்டு கதையாக அனுப்பினாங்க. பட்டியலில் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டிருந்தால் அது அந்தக் குறைந்த வடிவம். முழுசா இருந்தால் மூன்று மணிக்குக் கொஞ்சம் குறைவாக வரும். நேரம் போடாத விற்பனையாளரிடம் பின்னட்டைப் படம் கேளுங்க. அனுப்பலைன்னா விட்டுடுங்க.

ஆரண்யேர் தின் ராத்ரி (1970), பிரதித்வந்தி (1970) இரண்டுக்கும் பழைய டிவிடிக்கு இப்போ காசு போடாதீங்க. பிரதித்வந்தியை என்.எஃப்.ஏ.ஐ. (தேசியத் திரைப்படக் காப்பகம்) மீட்டெடுத்து 2022 கான் விழாவில் காட்டினாங்க, ஆரண்யேர் மும்பை ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் கைபட்டு 2025 கானுக்குப் போச்சு. இரண்டுக்கும் நல்ல மாஸ்டர் தயாரா இருக்கு.

#18 மெஜஸ்டிக்_பார்சல்

பெட்டி வந்ததும் பிரிப்பதை ஒரே வீடியோவாக எடுங்க, முகவரிச் சீட்டு தெரியணும். பிரிக்கும் முன் மெதுவாகக் குலுக்குங்க. உள்ளே கலகலன்னா மடிப்பு அட்டையின் நடுப்பல் உடைஞ்சு தட்டு கழன்றிருக்கும். அப்போ பெட்டியை நிமிர்த்தாம படுக்க வைத்தே திறங்க. ஒவ்வொரு தட்டையும் முதல் பத்து நிமிஷம், நடு, கடைசி அத்தியாயம் மூன்றிலும் ஓட்டிப் பாருங்க. இரட்டை லேயர் தட்டு நடுவில்தான் திக்கும், தொடக்கம் மட்டும் பார்த்துட்டு விட்டால் திருப்பி அனுப்பும் கெடு தாண்டிடும்.